வெறும் டாஸ்தானே?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பழைய நண்பர்கள் நான்கைந்து பேர் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். எல்லாருமே ஏதோ ஒரு வகையில் சர்வர்களை வைத்துப் பிழைப்பவர்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றி, கூட்டத்தில் இளையவனான ஒரு தம்பியின் அலுவலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்க்விட் ப்ராக்ஸியில் வந்து நின்றது. "ஏம்ப்பா, அதுல கொத்துக் கொத்தா ஓட்டை வந்துச்சே, அப்டேட் பண்ணிட்டியா?" என்று கேட்டேன். "அண்ணே, அதெல்லாம் வெறும் டாஸ்தானே. டேட்டா ஒண்ணும் வெளியே போகாது. விழுந்தா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்றான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் சிரிக்கக்கூடச் செய்தார்.

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அப்படி வந்தது இரண்டு நாள் உறுத்தியது. ஏனென்றால் இதே வாக்கியத்தை, இதே தொனியில், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார். அவருக்கு இன்றுவரை அது தெரியாது. அன்று டீக்கடையில் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பியும் இந்த இதழைப் படிக்கிறவன்தான்.

*

தொழில்நுட்பம் தெரியாத வாசகர்களுக்கு முதலில் இரண்டு பத்தி.

ஓர் அலுவலகத்தில் நூறு பேர் ஒரே இணையப் பக்கத்தைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை வெளியே போய் வாங்கிவருவது வீண். நடுவில் ஒரு சர்வர் உட்கார்ந்துகொண்டு, ஒருமுறை வாங்கி, நகல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மீதி 99 பேருக்கு அந்த நகலையே நீட்டும். அந்த நடுவாள்தான் கேஷிங் ப்ராக்ஸி. இதே வேலையை மறுபக்கத்திலிருந்தும் செய்யலாம். ஒரு பெரிய தளத்தின் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் நகலைக் கொடுத்து, உள்ளே இருக்கும் சர்வர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். விக்கிப்பீடியா பல வருடங்கள் இப்படி ஸ்க்விட்டைத்தான் வாசலில் நிறுத்தியிருந்தது.

நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு தலைவலி உண்டு. இரண்டு பக்கமிருந்தும் வரும் எல்லாக் கடிதங்களையும் அவன் பிரித்துப் படித்தாக வேண்டும். யார் எழுதினார்கள், ஒழுங்காக எழுதினார்களா, வேண்டுமென்றே கோணலாக எழுதினார்களா என்று முன்கூட்டியே தெரியாது. ஹெடரில் இருக்கும் தேதி, பதிப்பு எண், நீளம், முகவரி எல்லாவற்றையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் படிக்கும்போது தடுக்கி விழவைக்கும் ஓட்டைகளுக்குத்தான் டினையல் ஆஃப் சர்வீஸ், சுருக்கமாக டாஸ், தமிழில் சேவை மறுப்பு என்று பெயர். யாரும் எதையும் திருடவில்லை. ஆனால் நடுவாள் செத்துவிட்டான், அவன் வழியாகப் போய்வந்த எல்லாருக்கும் கதவு மூடிவிட்டது. அவ்வளவுதான். இந்த "அவ்வளவுதான்" மேல்தான் என் சண்டை.

*

2009. தென்மாவட்டம் ஒன்றில், ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரமாக இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். முந்நூறு கணினிகளுக்கு ஒரு ஒல்லியான இணைய இணைப்பு. கேஷ் இல்லாமல் அதை ஓட்டவே முடியாது. அசெம்பிள் செய்த ஒரு பெட்டியில் ஸ்க்விட் 2.7 போட்டிருந்தேன். ப்ராக்ஸி வழியாகப் போகாத எதையும் ஃபயர்வால் வெளியே விடாது. அந்த விதியைப் போட்டவனும் நானே. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பிப்ரவரியில் ஸ்க்விட் குழுவிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. ஒரு கோரிக்கையில் எச்டிடிபி பதிப்பு எண் செல்லாததாக இருந்தால் ஸ்க்விட் விழுந்துவிடும். 2.7-க்கும் அந்தப் பாதிப்பு உண்டு, 3.0-க்கும் உண்டு. சரிசெய்த பதிப்பும் கூடவே வந்திருந்தது. மெயிலைப் படித்தேன். தலைப்பில் டினையல் ஆஃப் சர்வீஸ் என்று இருந்தது. பாஸ்வேர்டு போகாது, ஃபைல் போகாது, யாரும் உள்ளே நுழைய முடியாது. "செமஸ்டர் லீவுல பாத்துக்கலாம்" என்று மூடிவைத்தேன்.

ஓட்டை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் அசெர்ட் என்று ஒன்று வைப்பார்கள். "இந்த இடத்துக்கு வரும்போது இது இப்படித்தான் இருந்தாக வேண்டும்" என்று எழுதிவைக்கும் நிபந்தனை. அது பொய்த்துப்போனால் நிரல் மேலே போகாமல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். தப்பான கணக்கோடு தொடர்ந்து ஓடுவதைவிடச் சாவது மேல் என்பது அதன் நியாயம். அது நல்ல நியாயம்தான், வெளியிலிருந்து வரும் கண்டவர் எழுத்தின் மேல் அந்த நிபந்தனையை வைக்காதவரை. இங்கே வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் ஒரு தப்பான எண், மொத்தக் கல்லூரியின் ப்ராக்ஸியைத் தற்கொலை செய்யவைக்க முடிந்தது.

மார்ச் கடைசியில் ஒருநாள் பிற்பகல். நெட்வொர்க் லேபில் மூன்றாம் வருட மாணவன் ஒருவன், டெல்நெட்டில் எச்டிடிபி கோரிக்கையைக் கையாலேயே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். லேப் பயிற்சியே அதுதான். பதிப்பு எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டான். இணைப்பு அறுந்தது. மறுபடி தட்டினான். மறுபடி அறுந்தது. பாவம், அவன் தன் கமாண்டில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தான்.

ஸ்க்விட்டில் ஒரு தாய் ப்ராசஸ் உண்டு. பிள்ளை செத்தால் அது உடனே இன்னொன்றைக் கிளப்பிவிடும். "ரீஸ்டார்ட் ஆயிடும்" என்று நாம் தைரியமாகச் சொல்வது இதை நம்பித்தான். ஆனால் சில வினாடிகளுக்குள் செத்துச் செத்து ஐந்து முறை விழுந்தால், தாயும் கைவிட்டு நின்றுவிடும். நான் கையால் கிளப்புவேன். ஒழுங்காக மூடப்படாமல் செத்ததால், டிஸ்கில் உள்ள கேஷுக்கு மறுபடி கணக்கெடுக்கத் தொடங்கும். ஹார்ட் டிஸ்க் முனகும். எல்லாம் ஆமைவேகத்தில் நகரும். சரியாகிவருகிறது என்று நினைக்கும்போது லேபில் அந்தப் பையன் மறுபடி தட்டுவான்.

எங்கள் லேபில் ஓர் அட்டெண்டர் அக்கா இருந்தார். டிப்ளமோ முடித்தவர். ஒப்பந்த வேலை, கைக்குச் சொற்பச் சம்பளம். அன்று இரண்டு முறை என் அறை வாசலுக்கு வந்தார். "தம்பி, நெட்டு வருமா?" "அஞ்சு நிமிஷம்க்கா." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "தம்பி, இப்ப?" "பாத்துட்டுதான்க்கா இருக்கேன், கொஞ்சம் இருங்க." கடைசியாகச் சொன்னபோது குரலில் எரிச்சல் இருந்தது என்று நினைவிருக்கிறது. மூன்றாவது முறை அவர் வரவில்லை.

மறுநாள் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அரசு நிறுவனம் ஒன்றின் வேலைக்கு ஆன்லைன் விண்ணப்பம். முந்தைய நாள் மாலை ஐந்து மணியோடு கடைசி. அடுத்த முறை அறிவிப்பு வந்தாலும் அவருக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். டவுனில் ப்ரௌசிங் சென்டர் இருந்தது, ஆனால் கல்லூரி பஸ் ஐந்தே காலுக்குத்தான் கிளம்பும். அவருடைய மெஷினுக்கு மட்டும் நேரடி இணைப்பு கொடுக்க ஃபயர்வாலில் ஒரு வரி போட்டிருந்தால் போதும். அவருக்கு அவசரம் என்று எனக்குத் தெரியாது. ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவும் இல்லை. நான் போய் வருத்தம் சொன்னபோது, "விடுங்க தம்பி, எழுதிப்போட்டா மட்டும் கெடைக்கவா போகுது" என்றார்.

கிடைத்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதை அந்தத் தேர்வு முடிவுசெய்திருக்க வேண்டும். நான் முடிவுசெய்துவிட்டேன். அன்று ராத்திரி லாகைத் தோண்டியபோது அசெர்ட் தோற்றுப்போன வரி கிடைத்தது. பிப்ரவரி மெயிலைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே ஓட்டை. புதிய பதிப்பைப் போட இருபது நிமிடம் ஆனது. இதை அந்த அக்காவிடம் நான் சொல்லவே இல்லை. "லைன்ல பிராப்ளம்க்கா" என்றுதான் சொல்லியிருந்தேன்.

*

இப்போது தம்பிக்கு வருகிறேன்.

2021-ல் ஜோஷுவா ரோஜர்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்க்விட்டின் நிரலை முழுதாக அலசி 55 ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். குழுவிடம் சொன்னார். இரண்டரை வருடம் காத்திருந்தார். 2023 அக்டோபரில் எல்லாவற்றையும் பொதுவில் வெளியிட்டபோது அவற்றில் 35 இன்னும் அடைபடாமலே இருந்தன. நான் டீக்கடையில் சொன்ன "கொத்துக் கொத்து" இதுதான். கணிசமானவை டாஸ் வகை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சொன்னால்தான் "வெறும்" என்ற சொல் எதை மூடிமறைக்கிறது என்று தெரியும்.

ஒன்று, தேதி. பதிலில் வரும் தேதியைப் படிக்கும் இடத்தில், எல்லையைத் தாண்டி நினைவகத்தில் ஒரே ஒரு பைட்டைக் கூடுதலாகப் படித்துவிடும் பிழை. ஒரு பைட் என்றால் ஓர் ஆங்கில எழுத்தின் அளவு.

இரண்டு, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடர். ஒரு கோரிக்கை எந்தெந்தக் கைகளைத் தாண்டி வந்தது என்ற பட்டியல் அதில் இருக்கும். அந்தப் பட்டியலை நம்பிப் பின்தொடரும்படி அமைத்திருந்தால், ஸ்க்விட் ஒவ்வொரு முகவரியாகத் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்துச் சரிபார்க்கும். எத்தனை முறை அழைக்கலாம் என்று வரம்பு கிடையாது. மிக நீளமான பட்டியல் ஒன்றை அனுப்பினால் போதும், ஆள் காலி. இந்தப் பிழை 2006-ல் வந்த 2.6 பதிப்பிலேயே இருந்தது. அடைத்தது 2023 டிசம்பரில். பதினேழு வருடம். அந்த ஹெடரின் முதல் பிழை பிறந்தபோது பிறந்த குழந்தை ப்ளஸ் டூ எழுதும் வயதுக்கு வந்துவிட்டது.

மூன்று, கோஃபர். 1991-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த நெறிமுறை, வலையின் பழைய போட்டியாளர். உங்களில் பெரும்பாலோர் பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் 6-க்கு முந்தைய ஸ்க்விட் பதிப்புகளில் அதற்கான கதவு எப்போதும் திறந்தே கிடந்தது. அதில் ஒரு டாஸ் ஓட்டை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத கோஃபர் சர்வரிடமிருந்து வரும் பதில்கூட அதைத் தூண்டிவிடலாம் என்று ஸ்க்விட் குழுவின் அறிவிப்பே ஒத்துக்கொண்டது. அந்தக் கதவைத் தட்டுவதற்கு எதிரியே தேவையில்லை.

நான்கு, இதுதான் முக்கியம். டைஜஸ்ட் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் இருந்த ஓட்டை. குழு வைத்த தலைப்பு, டைஜஸ்ட் சரிபார்ப்பில் சேவை மறுப்பு. தலைப்போடு நிறுத்திக்கொள்கிறவர் "வெறும் டாஸ்" என்று போய்விடுவார். உள்ளே படித்தால், தொலைவில் இருக்கும் ஒருவர் தன் விருப்பப்படி 2 எம்பி வரை ஸ்க்விட்டின் நினைவகத்தில் எழுதிவிட முடியும் என்று இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். அடுத்தவன் நினைவகத்தில் நம் இஷ்டத்துக்கு எழுத முடிகிற இடத்தில், செத்துப்போவது நடக்கக்கூடியவற்றிலேயே சாதுவான விளைவு. இன்று டாஸ் என்று எழுதியிருப்பது, கெட்டிக்காரன் ஒருவன் இன்னும் உட்கார்ந்து யோசிக்காத வரைக்கும்தான் டாஸ்.

*

"சரி அண்ணே, ஆனா உலகத்துல டாஸால யாரு செத்தா?" என்று தம்பி கேட்பான். தெரியும்.

பாதுகாப்பு வகுப்புகளில் முதல் நாள் மூன்று விஷயம் சொல்லித்தருவார்கள். ரகசியம் காக்கப்பட வேண்டும், தகவல் திரிக்கப்படக் கூடாது, தேவைப்படும்போது கிடைக்க வேண்டும். மூன்றும் சமம் என்றுதான் பாடம். வேலைக்கு வந்த பிறகு மூன்றாவதைச் சத்தமில்லாமல் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுகிறோம். காரணம் எளிது. தகவல் திருடுபோனால் நிறுவனத்துக்கு வழக்கு வரும், பத்திரிகையில் பெயர் வரும். கதவு மூடிக்கிடந்தால் வெளியே நிற்கிறவருக்குத்தான் நஷ்டம். அவர் வழக்குப் போட மாட்டார். "நெட்டு வரல" என்று வீட்டுக்குப் போய்விடுவார். டாஸ் சின்ன விஷயம் என்ற கணக்கு, யார் பக்கம் நின்று போட்ட கணக்கு என்று கொஞ்சம் யோசித்துப் பார்.

பெரிய கணக்கும் இருக்கிறது. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி என்ற கேஷிங் நிறுவனம் விழுந்தது. மே 12-ல் போட்ட புதிய மென்பொருளில் ஒரு பிழை பதுங்கியிருந்தது. ஜூன் 8-ல் ஒரு வாடிக்கையாளர் தன் அமைப்பை மாற்றினார். முறையான, செல்லுபடியாகும் மாற்றம்தான். அது அந்தப் பிழையை எழுப்பிவிட, ஃபாஸ்ட்லியின் வலையமைப்பில் 85 சதவீதம் பிழைப்பக்கம் காட்டத் தொடங்கியது. கார்டியன், நியூயார்க் டைம்ஸ், பிரிட்டன் அரசின் தளம் எல்லாம் ஒரே நேரத்தில் இருண்டன. ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார்கள், 49 நிமிடத்தில் 95 சதவீதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அங்கே தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. என் லேப் பையனைப் போல யாரோ ஒருவர் தன் வேலையைச் செய்தார், அவ்வளவே. ஆனால் அவர்களிடம் விடிய விடியக் கண்விழிக்கும் பொறியாளர் படை இருந்தது. என் கல்லூரியில் நான் ஒருவன் இருந்தேன். தம்பி, உன் அலுவலகத்தில் நீ ஒருவன்.

கேஷைச் சாகடிக்காமலேகூடச் சேவையை மறுக்கலாம். 2019-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதை விளக்கமாகக் காட்டினார்கள். கேஷ் எவ்வளவு பெரிய ஹெடரை ஏற்கும் என்பதற்கு ஓர் அளவு இருக்கும், பின்னால் இருக்கும் மூல சர்வருக்கு அதைவிடச் சின்ன அளவு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பொருந்தும்படி ஒரு கோரிக்கையை அனுப்பினால், கேஷ் அதை உள்ளே விடும், மூல சர்வர் "முடியாது" என்று பிழைப்பக்கத்தைத் திருப்பி அனுப்பும். கேஷ் அந்தப் பிழைப்பக்கத்தையே நகலெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருகிற நல்லவர்கள் அத்தனை பேருக்கும் அதையே நீட்டும். ஒரே ஒரு கோரிக்கை போதும். ரீஸ்டார்ட் பண்ணலாம் என்கிறாயே, இங்கே எதுவும் விழவில்லை. எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரியும்.

*

டீக்கடையில் இன்னொரு நண்பர் சொன்னதையும் விடமாட்டேன். "இவ்ளோ ஓட்டைய வெச்சுட்டு ரெண்டரை வருஷம் என்ன பண்ணானுங்க அந்த டீமு?" என்றார்.

அந்த டீமைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பேசலாம். தொண்ணூறுகளின் நடுவில் ஹார்வெஸ்ட் என்று அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் இருந்தது. அதன் கேஷ் பகுதியிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று வணிகத் தயாரிப்பாகப் போனது. மற்றதை டுவேன் வெசல்ஸ் திறந்த மூலமாக வளர்த்தார். 1996-ல் வந்த அதுதான் ஸ்க்விட். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை கொஞ்ச காலம் பணம் கொடுத்தது. 2000-த்தோடு அது நின்றது. அதற்குப் பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள்தான் இழுத்துவருகிறார்கள். அவர்கள் எழுதியதை உலகம் முழுக்க லினக்ஸ் தொகுப்புகள் சேர்த்துக்கொண்டன. ஃபயர்வால் விற்கிறவர்கள் தங்கள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். கல்லூரிகளும் பள்ளிகளும் கம்பெனிகளும் தரவிறக்கிக்கொண்டன. நானும் இறக்கிக்கொண்டேன். பதிலுக்கு ஒரு பிழை அறிக்கைகூட நான் அனுப்பியதில்லை.

ஓட்டைகளை வெளியிட்ட ரோஜர்ஸே அந்தக் குழுவைத் திட்டவில்லை. அவர்கள் ஒத்துழைத்தார்கள், ஆனால் சரிசெய்ய ஆளில்லை என்றுதான் எழுதினார். வெளியிட்டது தப்பு என்று அப்போது சிலர் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை. இரண்டரை வருடம் பொறுத்த பிறகும் மூடிவைத்திருந்தால், பயன்படுத்துகிற நமக்குத் தெரியாமலே நாம் ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்போம். அவர் வெளியிட்டதால்தான் அடுத்த சில மாதங்களில் பல ஓட்டைகள் அடைபட்டன.

குழுவின் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோஃபரை முன்பே தூக்கியிருக்க வேண்டும். யாரும் தொடாத பழைய வசதிகளைச் சுமந்துகொண்டே போனது அவர்கள் முடிவுதான். ஆனால் அந்த முடிவு எடுக்கப்படும்போது பக்கத்தில் உட்கார்ந்து "இதை நாங்க யூஸ் பண்றதில்ல, எடுத்துடுங்க" என்று சொல்ல வேண்டியவர்கள் யார்? பயன்படுத்துகிறவர்கள். நாம் எங்கே இருந்தோம்?

திறந்த மூலத்தின் ஆதரவாளர்கள், நானும் அதில் ஒருவன், ஒரு வாதத்தை மந்திரம் மாதிரி சொல்வோம். நிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்கிறது, பார்க்கும் கண்கள் அதிகம், அதனால் பிழைகள் ஒளிய முடியாது என்று. பதினேழு வருடம் திறந்துகிடந்த ஹெடர் பிழை அந்த வாதத்துக்குச் சொல்லும் பதில், கதவு திறந்திருந்தது, யாரும் உள்ளே வரவில்லை என்பதுதான். பார்க்கலாம் என்ற அனுமதியைப் பார்த்துவிட்டோம் என்பதாகவே எடுத்துக்கொண்டோம். 2014-ல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெடித்தபோதும் இதே கதைதான். உலகத்தின் பாதி வலைத்தளங்களுக்குப் பூட்டு செய்துகொடுத்த அந்தக் குழுவுக்கு அதுவரை நன்கொடையாக வந்துகொண்டிருந்தது வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். அது திருடுபோகிற ஓட்டை என்பதால் பெரிய கம்பெனிகள் பதறி ஒன்றுகூடிப் பணம் போட்டன. ஸ்க்விட்டுக்கு அப்படி யாரும் பதறவில்லை. வெறும் டாஸ்தானே.

*

கடைசி வாதம், எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. "ஸ்க்விட் பழசுண்ணே, வேறதுக்கு மாறிட்டா போச்சு."

மாறு. தப்பில்லை. பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலைத் தருகிறவர்கள்கூட, அடைபடாத ஓட்டைகளைக் காரணம் காட்டி, ஸ்க்விட் தொகுப்பைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அது நேர்மையான முடிவு. ஆனால் மாறினால் இந்த வகைப் பிழையிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவாய்.

ரோஜர்ஸ் பட்டியல் வெளியான அதே 2023 அக்டோபரில் இன்னொன்றும் வெளியானது. ரேபிட் ரீசெட் என்று பெயர். எச்டிடிபி 2 நெறிமுறையிலேயே இருந்த பலவீனம். கோரிக்கையை அனுப்பிவிட்டு உடனே ரத்து செய், அனுப்பு, ரத்து செய். அனுப்புகிறவனுக்குச் செலவு ஒன்றுமில்லை, சர்வருக்கு ஒவ்வொன்றுக்கும் வேலை. இதை வைத்து கூகுளின் மேல் ஒரு வினாடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள் வரை கொட்டினார்கள். எச்டிடிபி 2 பேசுகிற புதிய, பளபளப்பான மென்பொருள்களும் வரிசையாகப் பேட்ச் போட வேண்டியிருந்தது. அது வெளியானபோது கூகுள், கிளவுட்ஃப்ளேர், அமேசான் மூன்றும் முன்கூட்டியே பேசிவைத்து, தங்கள் வாசல்களை அடைத்துவிட்டு, ஒரே நாளில் அறிவித்தன. அந்தப் பக்கம் அப்படி. இந்தப் பக்கம் ஸ்க்விட்டின் 35 ஓட்டைகளை அடைக்க நான்கைந்து தன்னார்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டுமே டாஸ்தான். ஒன்றுக்குப் பின்னால் பணமும் ஆளும் இருந்தன, மற்றதற்குப் பின்னால் இல்லை. நீ எதற்கு மாறினாலும் இந்தக் கேள்வி உன்னோடு வரும்: அதைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

*

கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கொண்டாடும் நம் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. நாம் தேதி வைத்துக் கூட்டம் போடுகிறோம், டி-ஷர்ட் போடுகிறோம், "இலவசம் அல்ல, சுதந்திரம்" என்று விளக்கம் சொல்கிறோம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் அனுபவித்தது இலவசத்தைத்தான். சுதந்திரத்தை அனுபவித்திருந்தால் நிரலைத் திறந்து படித்திருப்போம், சோதனை எழுதியிருப்போம், ஒரு பிழையையாவது அடைத்திருப்போம்.

இதற்கெல்லாம் மேதாவியாக இருக்க வேண்டியதில்லை. உன் அலுவலகத்தில் எந்தெந்தப் பெட்டிக்குள் ஸ்க்விட் ஒளிந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் எடு. விற்றவரிடம் "எந்தப் பதிப்பு, எப்ப பேட்ச் பண்ணீங்க, அந்தக் குழுவுக்கு என்ன திருப்பிக் கொடுத்தீங்க" என்று எழுத்தில் கேள். தேவையில்லாத வசதியை மூடு. டைஜஸ்ட் வேண்டாமென்றால் டைஜஸ்ட்டை மூடு. ஃபார்வர்டட் ஹெடரைப் பின்தொடரத் தேவையில்லை என்றால் அந்த அமைப்பை எடுத்துவிடு. ப்ராக்ஸி விழுந்தால் மாற்றுவழி என்ன என்று இன்றே எழுதிவை. அந்த மாற்றுவழி யாருக்கு முதலில் வேண்டும் என்றும் எழுதிவை. மேலே இருப்பவரிடம் வருடத்துக்கு ஒருமுறை, நாம் காசில்லாமல் ஓட்டும் மென்பொருள்களில் இரண்டுக்காவது பணம் ஒதுக்கச் சொல். "வெறும் டாஸ்தானே, இதுக்கா?" என்று அவர் கேட்பார். அப்போது அவரிடம் உன் பழைய வாக்கியத்தை நீயே கேட்பாய்.

நான் யாரையும் விட உயர்ந்தவன் என்று இதை எழுதவில்லை. அந்த பிப்ரவரி மெயில் இன்னும் என் பழைய கணக்கில் கிடக்கிறது. படித்த மெயில், அதனால் தடித்த எழுத்தில்கூட இருக்காது. இப்போதெல்லாம் டாஸ் என்று தலைப்பிட்ட அறிவிப்பு வரும்போது, அதைத் தள்ளிப்போடலாமா என்று முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இன்று மாலை ஐந்து மணிக்கு இந்தக் கதவுக்கு வெளியே யார் நிற்பார்கள்?

பெரும்பாலும் எனக்குப் பதில் தெரியாது. தெரியாததால்தான் அன்றே அப்டேட் போட்டுவிடுகிறேன். தம்பி, நீயும் இன்றைக்கே போட்டுவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பு. அடுத்த சனிக்கிழமை டீக்காசு என்னுடையது.